இணைய மகஜர்: கையொப்பத்தின் பயனும் வரம்பும்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கையொப்பத்தின் பொருளை அறிந்தவர். பங்கு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டால் சங்கத்தில் உரிமையும் பொறுப்பும் ஏற்படுகின்றன. கடன் பத்திரத்தில் ஒப்பமிட்டால் தவணை தவறாது திருப்பிச் செலுத்தும் கடமை ஏற்படுகின்றது. பொதுக்குழுவின் வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டவர், அன்று நிறைவேறிய தீர்மானங்களுக்குச் சாட்சியாகின்றார். ஆராயாமல் இடும் ஒப்பம் ஆபத்து என்பதை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் வேறொரு வகைக் கையொப்பமும் நம்மை நாடி வருகின்றது. "இந்தக் கோரிக்கையை ஆதரிக்கின்றீரா?" என்று கைபேசியில் ஒரு செய்தி வருகின்றது. பெயரைப் பதிந்து விரலால் ஒருமுறை தொட்டால் போதும். நாமும் ஒரு மகஜரில் ஒப்பமிட்டவர்களாகிவிடுகின்றோம். நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் இதைப்பற்றி இருவகைக் கருத்துக்களைக் கேட்கின்றோம். லட்சம் பேர் ஒப்பமிட்டால் அரசாங்கம் இணங்கித்தானே தீரவேண்டும் என்பர் சிலர். இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. உண்மை எது என்பதைப் பிரிட்டிஷ் நாட்டின் அனுபவத்தைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். அந்நாட்டில் இணைய மகஜர் பார்லிமெண்டின் முறைகளுள் ஒன்றாக அமைந்திருக்கின்றது. மேலும், மகஜரின் பழைய வரலாறு அங்கே நெசவாளர் வரலாற்றோடும் கூட்டுறவு வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது.

பழைய மகஜர்கள்

1838-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தொழிலாளர்கள் 'மக்கள் சாசனம்' என்ற ஆறு அம்சக் கோரிக்கை ஒன்றை வகுத்தனர். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, பார்லிமெண்டு அங்கத்தினராவதற்குச் சொத்துத் தகுதி வேண்டாமை, அங்கத்தினர்களுக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என்பன அவை. அக்கோரிக்கையை ஆதரித்தவர்களைச் சார்ட்டிஸ்டுகள் என்பர். விசைத்தறிகளால் வேலையும் கூலியும் குறைந்து வாடிய கைத்தறி நெசவாளர்கள் அவர்களுள் மிகப் பலர்.

அவர்கள் மூன்று முறை பார்லிமெண்டுக்கு மகஜர் சமர்ப்பித்தனர். 1839-இல் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் கையொப்பங்கள் சேர்ந்தன. 1842-இல் அது 33 லட்சத்தைத் தாண்டியது. அந்த மகஜர்ச் சுருள் காமன்ஸ் சபையின் வாயிலில் நுழையாமற்போகவே, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து உள்ளே கொண்டுசென்றனர். ஆயினும் சபை அதனைச் செவிமடுக்க மறுத்தது. மறுப்புக்கு 287 வாக்குகளும் ஆதரவுக்கு 49 வாக்குகளுமே விழுந்தன. ஒப்பமிட்டோரில் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை இல்லை. ஆதலின் அவர்களைப் புறக்கணிப்பதால் பிரதிநிதிகளுக்கு யாதொரு நஷ்டமும் நேரவில்லை.

மூன்றாவது மகஜர் 1848-இல் சமர்ப்பிக்கப்பட்டது. 57 லட்சம் பேர் ஒப்பமிட்டனர் என்று தலைவர்கள் கூறினர். காமன்ஸ் சபையின் எழுத்தர்கள் எண்ணிப் பார்த்தபோது 20 லட்சத்துக்கும் குறைவாகவே இருந்தது. அதிலும் விக்டோரியா மகாராணியின் பெயரும் வெல்லிங்டன் பிரபுவின் பெயரும் ஒப்பங்களாகக் காணப்பட்டன! நாடு நகைத்தது. பசித்த நெசவாளன் நேர்மையோடு இட்ட ஒப்பமும் அந்நகைப்பில் மதிப்பிழந்தது. பொய்யொப்பத்தால் நேரும் முதற்கேடு எதிரிக்கு அன்று. உண்மையாக ஒப்பமிட்டவனுக்கே என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாறு தோற்ற கோரிக்கைகளின் கதி யாது? சொத்துத் தகுதி 1858-இல் நீங்கியது. இரகசிய வாக்கெடுப்பு 1872-இல் வந்தது. அங்கத்தினர்களுக்குச் சம்பளம் 1911-இல் ஏற்பட்டது. 1918-இல் ஆண்களில் அநேகமாக அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியது. சமத் தொகுதி என்ற கொள்கையும் காலப்போக்கில் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றே நிறைவேறாமல் நின்றது. மகஜர் விதைத்ததைப் பின்வந்த சங்கங்களும் தேர்தல்களும் விளைவித்தன.

இக்காலத்திலேதான் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி நமது இயக்கத்தின் முன்னோடியான சங்கத்தை அமைத்தனர். அவர்களுட் பலர் நெசவாளர், சிலர் சார்ட்டிஸ்டுகள். ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பண்டங்களோடு ஒரு கடை திறந்தனர். சபை கதவடைத்தது என்று அவர்கள் சோர்ந்திருக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, தம்மால் இயன்றதைத் தாமே செய்தனர்.

இன்றைய முறை

2006-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியின் அலுவலகம் இணையத்தின் வாயிலாக மகஜர்களைப் பெறத் தொடங்கியது. சாலைகளில் செல்லும் தூரத்துக்கேற்பக் கட்டணம் விதிக்கும் யோசனைக்கு எதிராக 2007-இன் தொடக்கத்தில் 18 லட்சம் பேர் வரை ஒப்பமிட்டனர்; நாடு தழுவிய அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 2011-இல் இம்முறை திருத்தியமைக்கப்பட்டது. 2015 முதல் அரசாங்கமும் பார்லிமெண்டும் சேர்ந்து இதனை நடத்துகின்றன. காமன்ஸ் சபையின் மனுக்கள் குழு இதனை மேற்பார்க்கின்றது.

இதன் விதிகள் எளியவை. அந்நாட்டின் பிரஜை அல்லது அங்கு வசிப்பவர் எவரும் மகஜர் தொடங்கலாம். முதலில் ஐந்து பேர் ஆதரவு தெரிவிக்க வேண்டும். பின்னர் அதிகாரிகள் வாசகத்தைப் பரிசீலிப்பர். கோரிக்கை அரசாங்கத்தின் அல்லது பார்லிமெண்டின் பொறுப்புக்குட்பட்டதா, முன்னரே அதே பொருளில் வேறு மகஜர் உளதா, எவரையேனும் அவதூறு செய்கின்றதா என்பவற்றை அவர்கள் கவனிப்பர். ஏற்கப்பட்ட மகஜர் ஆறு மாதங்கள் திறந்திருக்கும். 10,000 ஒப்பங்கள் சேர்ந்தால் அரசாங்கம் எழுத்து மூலம் பதிலளிக்கின்றது. 1,00,000 சேர்ந்தால் பார்லிமெண்டில் விவாதிப்பது குறித்துக் குழு ஆலோசிக்கின்றது. ஒப்பமிடுவோர் பெயர், மின்னஞ்சல் முகவரி, தபால் குறியீடு ஆகியவற்றைத் தரவேண்டும். மின்னஞ்சலுக்கு வரும் செய்தி மூலம் உறுதி செய்த பின்னரே ஒப்பம் கணக்கில் ஏறும். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் ஒப்பமிட்டனர் என்பதும் வெளியிடப்படுகின்றது. தம் தொகுதி வாக்காளரின் எண்ணத்தை அங்கத்தினர் அதனால் அறிய இயலும்.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பதில் பெறுவதற்கும் விவாதம் கோருவதற்குமே இவ்விதிகள் வழி செய்கின்றன. கேட்டது கிடைத்தே தீரும் என்று எந்த விதியும் கூறவில்லை.

எண்ணிக்கையும் பயனும்

2019-ஆம் ஆண்டில் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும் முடிவை ரத்து செய்யுமாறு கோரிய மகஜரில் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அம்முறையில் அதுவரை அத்தனை ஒப்பங்கள் எதற்கும் சேர்ந்ததில்லை. அரசாங்கம் இணங்க இயலாதெனப் பதிலளித்தது. ஏப்ரல் முதல் தேதி விவாதம் நடந்தது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அந்நாடு யூனியனிலிருந்து விலகியது. காரணம் தெளிவு. 2016-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் விலகலுக்கு 1 கோடியே 74 லட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. வாக்குச்சீட்டால் செய்த முடிவை ஒப்பத்தால் மாற்றுவது எளிதன்று.

அவ்வாக்கெடுப்பை மீண்டும் நடத்துமாறு 2016-இல் கோரிய மகஜரில் 1848-இன் கதை மறுபடியும் நிகழ்ந்தது. சுமார் 77,000 பொய்யொப்பங்கள் நீக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் வாடிகன் நகரத்தின் பெயரால் மட்டும் 39,000-க்கு மேற்பட்ட ஒப்பங்கள் வந்திருந்தன. கருவி புதிது, தவறு பழையது.

இனி, சிறிய மகஜர் ஒன்றைப் பார்ப்போம். மூளைக் கட்டி நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அதிக நிதி ஒதுக்குமாறு, அந்நோயால் உற்றாரை இழந்த ஒரு குடும்பம் 2015-இல் மகஜர் தொடங்கியது. ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோரே ஒப்பமிட்டனர். அரசாங்கத்தின் முதற்பதில் திருப்தியளிக்கவில்லை. ஆயினும் மனுக்கள் குழு இப்பொருளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் அனுபவங்களை எழுதி அனுப்பினர். 2016 மார்ச்சில் அறிக்கை வெளிவந்தது. ஏப்ரலில் விவாதம் நடந்தது. ஆராய ஒரு செயற்குழு அமைந்தது. 2018-இல் அரசாங்கம் 4 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2023-இல் பார்லிமெண்டு அங்கத்தினர் குழு ஒன்று ஆராய்ந்தபோது, அத்தொகையில் பெரும்பகுதி ஆராய்ச்சியாளரைச் சென்றடையவில்லை என்று தெரிந்தது. அறிவிப்பு வேறு, வழங்கல் வேறு. பட்ஜெட்டில் கண்ட தொகை சங்கத்தின் கணக்கில் வரவாகும் வரை கணக்கை மூடலாகாது என்பதை நம் காரியதரிசிகள் நன்கறிவர்.

60 லட்சம் பேர் கேட்டது கிடைக்கவில்லை. ஒரு லட்சம் பேர் கேட்டது ஓரளவு கிடைத்தது. பின்னது வரையறுத்த ஒரே கோரிக்கை, கொடுக்க வல்லவரிடம் கேட்டது, சான்றுகளோடு கேட்டது, பதிலுக்குப் பின்னும் விடாமல் தொடர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் நலம் கெட்டதாகக் கூறிய முன்னாள் தொழிலாளர்கள் ஒன்றுகூடி 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2015-இல் ஒரு பாடலும் இணைய மகஜரும் அவர்கள் குறையை உலகறியச் செய்தன. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. எனினும் தவறு எதனையும் அது ஒப்புக்கொள்ளவில்லை. மகஜர் சில மாதங்களின் வேலை. அதன்முன் நின்ற தொழிலாளர் ஒற்றுமையோ பல ஆண்டுகளின் உழைப்பு.

அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டிய விதிகள்

நமது லோக்சபையிலும் மனுக்கள் குழு உண்டு. சபை அங்கத்தினர் வாயிலாக மனு சமர்ப்பிக்கலாம். ஆனால் தனியார் இணையதளங்களில் இத்தனை ஒப்பங்கள் சேர்ந்தால் பதில் தந்தேயாக வேண்டும் என்ற விதி இங்கில்லை. எனவே நம்மவர் முயற்சியில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்.

1. அதிகாரம் உடையவரிடம் கேட்க வேண்டும். தெரு வடிகாலுக்கு நகராட்சியும் நூல் மான்யத்துக்கு அரசாங்கமும் பொறுப்பு. முகவரி தவறிய மனு வழியிலேயே உறங்கும்.

2. ஒரே கோரிக்கையைத் தெளிவாகக் கூற வேண்டும். மழைக்காலத்தில் தறிக்குழிகளில் நீர் ஊறி வேலை நிற்கின்றது எனக் கொள்வோம். "நெசவாளர் துயர் துடைக்க" என்று எழுதுவதால் பயனில்லை. "இன்ன தெருவின் வடிகாலை ஐப்பசிக்கு முன் தூர்வார வேண்டும்" என்று எழுதினால், செய்தாரா இல்லையா என்பதை எவரும் காணலாம்.

3. சான்று சேர்க்க வேண்டும். எத்தனை தறிகள், எத்தனை நாள் நின்றன, கூலி இழப்பு எவ்வளவு என்பவை சங்கத்தின் பதிவேடுகளிலேயே உள்ளன. விவசாயிகளாயின், மதகு பழுதால் நீர் எட்டாத வயல்களின் பரப்பைக் குறிக்கலாம்.

4. ஒப்பங்கள் தூய்மையாயிருத்தல் வேண்டும். அண்டை வீட்டார்க்காகவோ, இறந்தவர்க்காகவோ ஒப்பமிடுதல் கூடாது. உண்மையான 80 ஒப்பங்கள், ஐயத்துக்குரிய 800 ஒப்பங்களினும் வலியவை.

5. தொடர்ந்து கவனிக்க வேண்டும். நிர்வாகக் குழு இருவரை இப்பணிக்கு நியமித்தல் நலம். மனுவின் கதியை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வினவலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அச்சட்டம்.

6. ஒப்பமிடுமுன் முழு வாசகத்தையும் படித்தல் வேண்டும். ஆதார் எண்ணோ, வங்கிக் கணக்கு எண்ணோ, கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணோ எந்த மகஜருக்கும் தேவையில்லை. அவற்றைக் கேட்பது மகஜர் அன்று. மோசடி என்று கொண்டு விலகுதல் வேண்டும்.

சங்கக் கூட்டத்துக்குச் செல்லாமலே வீட்டிலிருந்து ஒப்பமிட்டு விடலாம் என்ற எண்ணம் சிலரிடம் வளர்வதைக் காண்கின்றோம். இது வருந்தத்தக்கது. நம் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு. அவ்வாக்கால் தீர்மானம் நிறைவேறுகின்றது, நிர்வாகம் மாறுகின்றது. அத்தகைய அதிகாரம் கையிலிருக்க, அதனை விடுத்து விரல் நுனியால் மட்டும் ஜனநாயகத்தை நடத்த முயல்வது, விளைந்த வயலை அறுக்காமல் விட்டுவிட்டுக் கதிர் பொறுக்கப் போவதற்கு ஒப்பாகும். பொதுக்குழுவின் தீர்மானத்தோடு செல்லும் மகஜருக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் நிற்கின்றது. பெறுபவரும் அதனை அறிவார்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. 1842-ஆம் ஆண்டு மகஜரைப் பார்லிமெண்டு எளிதில் தள்ள முடிந்தது ஏன்?

2. பொய்யொப்பத்தால் நஷ்டமடைபவர் யார்? 1848, 2016 ஆகிய இரு ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குக.

3. மூளைக் கட்டி மகஜர் ஓரளவு வெற்றி பெற்றதற்கு நீங்கள் காணும் காரணங்கள் யாவை? அதன் குறை எங்கே தங்கியது?

4. உங்கள் ஊரின் பொதுக்குறை ஒன்றை எடுத்து, அதற்குப் பொறுப்பான அதிகாரி யாவர் என்று கண்டு, ஐந்து வரிகளுக்கு மிகாமல் ஒரு மகஜர் எழுதி அடுத்த கூட்டத்தில் படிக்கவும். எந்தத் தேதிக்குள் எது நடந்திருந்தால் அது நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்பதையும் அதில் குறிக்கவும்.