சத்தத்தில் வால்யூமைக் குறைப்பது ஏன்?



என் காது மெஷினைப் பற்றி நிறைய பேர் கேட்கிறீங்க. அதிகம் கேட்பது இதுதான்: "தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோடுல இவ்ளோ சத்தம், நீ வால்யூமை ஏத்தாம குறைக்கிறியே, ஏன்டா?"

மெஷினுக்குள் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், குட்டி ஸ்பீக்கர். எது உன் பேச்சு, எது பஸ் ஹாரன் என்று என் மைக்குக்குத் தெரியாது. ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். நெரிசலான ரோடு 80ஐத் தொடும். அந்த வித்தியாசம் வீலைத் திருப்பினால் குறையாது. (புது டிஜிட்டல் கருவிகள் இரைச்சலை ஓரளவு அடக்கும். என்னுடையது சாதாரண வகை.)

உள்காதின் மயிர்ச் செல்கள் பழுதானவர்களில் பலருக்கு இன்னொரு சங்கடம். மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் பெரிய சத்தம் உங்களுக்குப் போலவே பெரிதாகத்தான் கேட்கும். நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். அதனால் வீட்டில் 3, சண்முகம் ரோடு மார்க்கெட்டில் 2, ஸ்டேஷனில் ரயில் வரும்போது 1. ரோடு கிராஸ் பண்ணும்போது மட்டும் ஆஃப் பண்ணவே மாட்டேன். ஹாரன் கேட்கணுமே!

இரைச்சலில் முதலில் தொலைவது மெய்யெழுத்துகள். அ, ஆ எல்லாம் பலமான ஒலிகள், தப்பித்துவிடும். க, ப, த மெலிந்தவை. "படி" என்றால் எனக்கு "கடி" என்று கேட்கும். (கடி ஜோக் இல்லை, நிஜம்!) இங்கேதான் உதடு உதவுது. 'ப'வுக்கு உதடு மூடும், 'க'வுக்கு மூடாது. ஆனால் "படி", "மடி" இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி. அப்போ ஊகம்தான்.

இரைச்சலில் எல்லாரும் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று பிரான்சு நாட்டு மருத்துவர் லொம்பார் 1911-லேயே எழுதினார். அதற்கு மேலும் கத்தினால் உதட்டின் வடிவமே மாறிப்போகும், புரியாது. கத்துவதைவிடக் கிட்டே வந்தால் நல்லது. 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் உன் குரல் மட்டும் சுமார் 6 டெசிபல் கூடும், ரோடு சத்தம் அப்படியே இருக்கும். இதை எந்த வீலும் தராது.

முதல் பெஞ்ச் கேட்டு வாங்கினது இதுக்குத்தான், நல்ல பிள்ளை பேர் வாங்க இல்லை. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் இடம் வேண்டாம் என்றதும் அதனால்தான். சார் ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. கரும்பலகைப் பக்கம் நின்றால் தெரியுது.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு