வளையத்தைத் தொடாத பந்தும் அரங்கத்தின் குரலும்

மாணவர்களே, பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டி ஒன்றில் என் மாணவன் ‘ஃப்ரீ த்ரோ’ எறிந்தான். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. “ஏ...ர் பா...ல்” என்று பார்வையாளர்கள் ஒரே குரலில் இழுத்தார்கள். மறுவாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அவனுக்காக ஒரு கணக்குப் போட்டேன்.

எறியும் கோட்டிலிருந்து வளையத்தின் மையம் சுமார் 4.2 மீட்டர் தொலைவு. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். கையை விட்டுப் பந்து கிளம்பும் உயரம் 2 மீட்டர், கோணம் 52 பாகை என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்துக்குத் தேவையான வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.3 மீட்டர்.

இந்த வேகத்தில் 5 விழுக்காடு மட்டும் குறைந்தால் என்ன ஆகும்? எறிபொருள் செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சிறு குறைவும் பெரிதாகிவிடும். பந்து வளையத்தின் மையத்துக்கு அரை மீட்டர் முன்னதாகவே இறங்கி, வளையத்தையும் பலகையையும் தொடாமல் கீழே விழும்.

இனி அந்தக் கூச்சலைக் கவனிப்போம். அமெரிக்காவின் வட புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செரில் ஹீட்டன், பல ஆட்டங்களில் எழுந்த ‘ஏர் பால்’ கூச்சலை ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார். நடத்துநர் எவரும் இல்லாமலே, கூட்டம் ‘ஏர்’ என்பதை எஃப் சுரத்திலும் ‘பால்’ என்பதை டி சுரத்திலும் பாடுவதை அவர் கண்டார். நடு எண்மத்தில் இவற்றின் அதிர்வெண்கள் சுமார் 349, 294 ஹெர்ட்ஸ். விகிதம் ஏறத்தாழ 6:5. கர்நாடக இசை பயில்வோர் சாதாரண காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கிப் பாருங்கள், அதே இடைவெளிதான். தூரத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லி இழுத்துக் கூப்பிடும்போதும் நம் குரல் பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும்.

ஆக, அரங்கமே சேர்ந்து பாடினாலும் பிழையின் அளவு கூடுவதில்லை. கணக்கைப் பார்த்த மாணவன், “அஞ்சு விழுக்காடுதானா, சார்?” என்று கேட்டான். அடுத்த பயிற்சிக்கு வந்துவிட்டான்.

செய்து பாருங்கள்: நண்பர்கள் ஐவரைச் சேர்ந்து ‘ஏர் பால்’ என்று இழுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியால் இரண்டு அதிர்வெண்களையும் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். விடை 1.2க்கு அருகில் வருகிறதா?