ஏட்டில் ஏறாத பதக்கம்: எந்தக் கதவைத் தட்டுவது?

நம்மூரில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் டிஸ்சார்ஜ் புக்கைப் பீரோவுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். அமெரிக்க முன்னாள் வீரருக்கு அந்த இடத்தில் இருப்பது டிடி-214 என்ற பணிவிடுப்புப் பத்திரம். மருத்துவ உதவி, வீட்டுக் கடன், கல்வி உதவி என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். இறந்த பிறகு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யவும் அதுவே வேண்டும். இன்றைய படிவத்தில் 13-ஆம் கட்டம் பதக்கங்களுக்கும் சின்னங்களுக்கும் உரியது. வியட்நாமில் பட்ட குண்டுச் சிதறல் இன்னும் காலுக்குள் இருக்க, அந்தத் தாளில் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் ஏறாமல் இருப்பதை ஐம்பது வருடம் கழித்துக் கவனிப்பவர்கள் உண்டு.

இதைத் திருத்த முடியும், ஆனால் வழிகள் பல. ஆவண மையம், படைப்பிரிவின் விருதுப் பிரிவு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலகம், ஆவணத் திருத்த வாரியம் என்று நான்கு கதவுகள் இருக்கின்றன. வாரியம் என்ற பெயர் பெரியதாக இருப்பதால் பலர் நேரே அங்கேதான் போகிறார்கள். கீழே முடிய வேண்டிய வேலையை முடிக்காமல் வந்த மனுவை வாரியம் திருப்பி அனுப்பிவிடும். எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு அப்படி வீணாகும் மாதங்கள் பெரிய இழப்பு.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது

விடுபட்ட பதக்கம் மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் வகையில் விருது கொடுத்தாகிவிட்டது, ஆணையும் வெளியானது, தாளைத் தட்டச்சு செய்த எழுத்தர் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். இரண்டாம் வகையில் யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. இன்ன இடத்தில் இன்ன காலத்தில் பணியாற்றியிருந்தாலே விதிப்படி உரிமை வந்துவிடும். மூன்றாம் வகை வீரச் செயலுக்கான விருது. அதில் பரிந்துரை எழுதப்படவே இல்லை, அல்லது எழுதியது வழியில் தொலைந்துபோனது.

இரண்டாம் வகையில் உரிமை இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். விருதை உருவாக்கிய விதி அவர்கள் வீடு திரும்பிய பிறகு வந்ததுதான் காரணம். 1954 ஜூலை 28-க்குப் பிறகு கொரியாவில் பணியாற்றியவர்களுக்கான கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்துக்கு 2002-இல்தான் சட்டம் வந்தது. ஆக, 1960-களில் அங்கே காவல் நின்றவரின் தாளில் அது இருக்க வழியே இல்லை. போர்க் கைதிகளுக்கான பதக்கம் 1985-இல் வந்தது, ஆனால் முதல் உலகப் போர்க் கைதிகள் வரை பின்னோக்கிச் செல்லும். வியட்நாமில் பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகளுக்குத் தென்வியட்நாம் அரசு தந்த வீரச் சிலுவைப் பாராட்டு 1974-ஆம் ஆண்டின் பொது ஆணை ஒன்றில்தான் மொத்தமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே சீருடையைக் கழற்றியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது வெண்கல நட்சத்திரம். இரண்டாம் உலகப் போரில் போர்முனைக் காலாட்படைச் சின்னமோ போர்முனை மருத்துவச் சின்னமோ பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரமும் உண்டு என்று 1947-இல் முடிவானது. அதற்குள் பெரும்பாலானோர் ஊர் திரும்பி வேலைக்குப் போய்விட்டார்கள். அது தானாக வீடு தேடி வரவில்லை. கேட்டு எழுதியவர்களுக்குத்தான் வந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பழைய தாளில் அந்தச் சின்னத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இன்றும் விண்ணப்பிக்கிறார்கள்.

ஆவண மையம்: முதல் இரண்டு வகைக்கும் நேர் வழி

மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்தை நிரப்பி அனுப்பலாம், இணையவழியிலும் கேட்கலாம். விடுபட்டதாக நினைக்கும் பதக்கங்களின் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய இடம், தேதிகள் ஆகியவற்றோடு கையெழுத்தும் அவசியம். வீரர் உயிரோடு இருந்தால் பதக்கத்தை மாற்றித் தரக் கட்டணம் இல்லை. உரிமை ஏற்கப்பட்டால் டிடி-215 என்ற திருத்தத் தாள் வரும். பழைய டிடி-214-ஐ யாரும் கிழித்துப் புதிதாக எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் இனிக் காட்ட வேண்டும்.

இந்த வழியில் வழக்கறிஞர் வேண்டாம், வாதம் வேண்டாம். ஆனால் கோப்பில் இருப்பதையும் விதியில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு மையத்தின் வேலை முடிந்துவிடும். ஒருவரின் வீரத்தை எடைபோடும் அதிகாரம் அதற்கு இல்லை.

குடும்பத்தார் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பணிவிட்டு 62 ஆண்டு கடந்த கோப்பு பொதுக் காப்பக ஆவணமாகிவிடும். அதை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 62 ஆண்டு ஆகாத கோப்பை முழுமையாகப் பெறும் உரிமை வீரருக்கும், அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய உறவுகளுக்கும் மட்டுமே.

விருதுப் பிரிவு: பர்ப்பிள் ஹார்ட் கேட்பவருக்கு

பர்ப்பிள் ஹார்ட் தனி ரகம். அதற்கு யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை, காலக்கெடுவும் கிடையாது. எதிரியின் செயலால் காயம்பட்டது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை பதிவானது என்ற மூன்றையும் காட்டினால் உரிமை வந்துவிடும். ஆவண மையத்தின் கோப்பில் ஆணை இல்லையென்றால் படைப்பிரிவின் விருதுப் பிரிவையே அணுக வேண்டும். தரைப்படையினருக்கு அது கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவளத் தலைமையகம்.

பெரும்பாலும் சிக்கல் மூன்றாவதில்தான் வரும். போர்முனை மருத்துவ உதவியாளர் கட்டுப்போட்டுவிட்டு அடுத்த காயத்துக்கு ஓடியிருப்பார், எழுதிவைக்க நேரம் எங்கே? அப்போது காயமுற்றோர் பட்டியல், வீட்டுக்குப் போன தந்தி, மருத்துவமனைச் சேர்க்கை அட்டை, உடனிருந்தவர்களின் சாட்சியம் எல்லாம் தேவைப்படும்.

இந்தப் பதக்கம் வெறும் அலங்காரமும் இல்லை. முன்னாள் வீரர் மருத்துவத் துறையில் அது முன்னுரிமை தருகிறது. போர்முனை அனுபவத்துக்குச் சான்றாக நின்று மனநலப் பாதிப்புக்கான இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் துணைசெய்கிறது.

காங்கிரஸ் உறுப்பினர்: பரிந்துரை தொலைந்தவருக்கு

வெள்ளி நட்சத்திரம் போன்ற வீர விருதுகளுக்குப் பரிந்துரை குறித்த காலத்துக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் இருக்கும் வழி, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் உள்ள 1130-ஆம் பிரிவு. காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டால், காலம் கடந்த பரிந்துரையையும் படைத்துறை தகுதியின் அடிப்படையில் பரிசீலித்துத் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. உறுப்பினர் கையெழுத்திட்டால் பதக்கம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அவரால் கோப்பைத் திறக்க வைக்க முடியும், அவ்வளவுதான். உள்ளே வைக்க வேண்டிய பரிந்துரை, அன்றைய மேலதிகாரியின் கடிதம், நேரில் கண்டவர்களின் உறுதிமொழிகள் எல்லாம் வீரரின் தரப்பிலிருந்துதான் வர வேண்டும்.

பாரிஸ் டேவிஸின் கதை இந்த வகைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. சிறப்புப் படையில் அதிகாரியாக இருந்த முதல் கறுப்பினத்தவர்களில் அவரும் ஒருவர். 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோன் பகுதியில், தானே காயம்பட்ட நிலையிலும் அடிபட்ட தோழர்களை வெளியேற்றாமல் களத்தை விட்டுப் போக மறுத்தார். மெடல் ஆஃப் ஆனருக்கு அவரைப் பரிந்துரைத்த தாள்கள் காணாமல் போயின. மறுபடி அனுப்பியவையும் காணாமல் போயின. தோழர்களும் தன்னார்வலர்களும் சாட்சியங்களைத் திரட்டிக் கோப்பை மறுபடி கட்டினார்கள். 2023 மார்ச் 3 அன்று வெள்ளை மாளிகையில் அந்தப் பதக்கத்தை அணிந்தபோது அவருக்கு வயது 83.

வாரியம்: மற்ற வழிகள் அடைபட்ட பிறகு

1946 வரை ஒரு வீரரின் ஆவணத்தைத் திருத்தக் காங்கிரஸ் தனி மசோதாவே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கிவைக்க அந்த ஆண்டின் சட்டம் வழிசெய்தது. அதிலிருந்து பிறந்தவைதான் ராணுவ ஆவணத் திருத்த வாரியங்கள். தரைப்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒன்று, கடலோரக் காவல்படைக்கு ஒன்று. முடிவெடுப்பவர்கள் சீருடை அணியாத குடிமை அதிகாரிகள். விண்ணப்பப் படிவம் டிடி-149, கட்டணம் இல்லை.

அதிகாரம் பெரியது: பிழையையும் அநீதியையும் திருத்தலாம். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள். கீழ்நிலை வழிகளை முடித்துவிட்டு வர வேண்டும். பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். தாமதமாகியிருந்தால், நீதியின் நலன் கருதி வாரியம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதால் தாமதத்துக்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. மூன்றாவதுதான் கடினம். ராணுவம் அன்று சரியாகத்தான் செய்தது என்ற அனுமானத்தோடு வாரியம் தொடங்கும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு வீரருடையது. காப்பகங்களில் துழாவிச் சான்று தேடும் வேலையை வாரியம் செய்யாது. முறையான பரிந்துரையே இல்லாத வீர விருது மனுவை அது பெரும்பாலும் 1130-ஆம் பிரிவின் பக்கம் திருப்பிவிடும்.

மறுத்துவிட்டால், முன்பு பார்க்கப்படாத புதுச் சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம். கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் நீதிமன்றம் பதக்கத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்காது, வாரியம் காரணத்தோடு முடிவெடுத்ததா என்பதைத்தான் பார்க்கும்.

பணிவிடுப்பு மறுஆய்வு வாரியம் என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒலி ஒத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பணிவிடுப்பின் தன்மையை மாற்றுவதே அதன் வேலை, பதக்கத்துக்காக அங்கே போகத் தேவையில்லை.

தீயில் போன கோப்புகள்

1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில் செயின்ட் லூயிஸ் மையத்தின் ஆறாம் தளத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. 1947 முதல் 1964 வரை விமானப்படையிலிருந்து விடுபட்டவர்களில், அகரவரிசையில் ‘ஹப்பர்டு, ஜேம்ஸ் ஈ.’ என்ற பெயருக்குப் பின்னால் வருவோரின் கோப்புகளில் சுமார் 75 விழுக்காடு. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது.

“உங்கள் கோப்பு எரிந்துவிட்டது” என்ற பதிலோடு பலர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். அங்கே நிற்க வேண்டாம். பிரிவின் அன்றாட ஆள் நிலவரத்தைச் சொல்லும் காலை அறிக்கைகள், கடைசிச் சம்பளச் சீட்டுகள், முன்னாள் வீரர் நலத்துறையிடம் முன்பே கொடுத்த கோரிக்கைக் கோப்பு ஆகியவற்றிலிருந்து ஒருவரின் பணியை மறுபடி கட்டியெழுப்பலாம். படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும் போர் அறிக்கைகளும் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொது ஆணைகளையும் அங்கே தேடலாம்.

1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கிய மருத்துவ உதவியாளர் வேவர்லி உட்சனின் கோப்பும் அந்தத் தீயில் போனதுதான். கறுப்பின வீரர்கள் அடங்கிய 320-ஆவது தடுப்பு பலூன் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், தானே காயம்பட்டும் சுமார் 30 மணி நேரம் மற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தார். 2005-இல் இறந்தார். உயர்ந்த விருதுக்கு அவர் பெயர் பேசப்பட்டதைக் காட்டும் போர்க்காலக் குறிப்பு ஒன்று காப்பகத் தேடலில் கிடைத்தது. குடும்பமும் மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹாலனும் விடாமல் கேட்டார்கள். 2024 ஜூனில் அவருக்குச் சிறப்புச் சேவைச் சிலுவை அறிவிக்கப்பட்டது.

யாருக்கு எது?

* கொரியாவிலோ வியட்நாமிலோ பணியாற்றியதால் விதிப்படி வர வேண்டிய பதக்கம், அல்லது கையில் ஆணை இருந்தும் தாளில் ஏறாத பதக்கம்: ஆவண மையம் போதும்.
* காயம்பட்டும் பர்ப்பிள் ஹார்ட் இல்லாதவர்: முதலில் மருத்துவச் சான்று, பிறகு விருதுப் பிரிவு, மறுத்தால் வாரியம்.
* வீரச் செயலுக்குப் பரிந்துரை தொலைந்தவர்: சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம்.
* எல்லா இடத்திலும் எழுத்துமூலம் மறுப்பு வாங்கியவர்: அந்தக் கடிதங்களையே இணைத்து வாரியம்.

எந்த வழியானாலும் சாட்சிகளிடமிருந்து தொடங்குவதே சரி. தாள்கள் காப்பகத்தில் காத்திருக்கும், எண்பது வயதுத் தோழர் காத்திருக்க முடியாது. அவர் எழுதித் தரும் சாட்சியத்தில் தேதி, இடம், தான் நின்ற தொலைவு, கண்ணால் கண்டது, கேள்விப்பட்டது எல்லாம் பிரிந்து தெரிய வேண்டும். வீட்டுக்கு எழுதிய கடிதம், புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு, ஊர்ச் செய்தித்தாளின் துண்டு ஆகியவையும் சான்றுதான். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்ப வேண்டும். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளும் கவுன்ட்டிகளில் இருக்கும் முன்னாள் வீரர் சேவை அலுவலர்களும் படிவம் நிரப்பக் காசு வாங்காமல் உதவுகிறார்கள்.

டிடி-215 கைக்கு வந்த அன்றே இரண்டு நகல் எடுக்க வேண்டும். ஒன்று நலத்துறைக் கோப்புக்கு, மற்றொன்று டிடி-214 பதிவாகியிருக்கும் கவுன்ட்டி அலுவலகத்துக்கு. மூலம் பழைய தாளோடு சேர்ந்து, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.