பழைய படகிற்குப் புதிய இயந்திரம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

பேராக் ஆறு கடலோடு கலக்கும் பகான் டத்தோவாயினும், லங்காட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள கேரித் தீவாயினும், நீரோரத் தோட்டங்களில் சிறு படகு ஒரு குடும்பத்திற்குப் பெருந்துணையாகும். படகு உறுதியாக இருக்க, அதன் பின்புறத்தில் பூட்டிய இயந்திரம் மட்டும் தேய்ந்துவிடுவதுண்டு. அப்போது, "இருந்ததைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிவிடுவோம்" என்ற எண்ணமே பலருக்கும் முதலில் எழுகின்றது. சேமித்த பணத்தையும், படகிலே செல்வோரின் உயிரையும் சார்ந்த செயல் இது. ஆகவே, இயந்திரத்தை மாற்றுமுன் அறிய வேண்டியவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

முதலாவது, படகின் நிலை. இயந்திரத்தைத் தாங்குவது படகின் பின்பலகை. அதனைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உள்ளே உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். கண்ணாடியிழைப் படகிலும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்திருப்பதுண்டு. திருகாணித் துளைகளின் வழியே நீர் புகுந்து அம்மரம் உளுத்திருப்பின், முதலில் அதனைச் செப்பனிட வேண்டும்.

இரண்டாவது, குதிரைச் சக்தி. உற்பத்தியாளர் பதித்த தகடு படகில் இருப்பின், அதிலுள்ள உச்ச அளவைக் கடத்தல் கூடாது. தகடு இல்லையெனில், படகின் அமைப்பை நோக்க வேண்டும். தட்டையான அடியுடைய இலேசான படகு, போதிய வலு கிடைத்ததும் நீரின் மேலெழுந்து சறுக்கி ஓடும். உருண்ட அடியுடைய கனமான படகோ நீரைப் பிளந்துகொண்டே செல்லும். இத்தகைய படகின் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்க மூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அவ்வெல்லை கடல்மைல் கணக்கில் கிடைக்கும். நீளம் 16 அடியாயின், வர்க்க மூலம் 4. ஆகவே வேகம் மணிக்கு 5.4 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதற்கு மேல் இருமடங்கு வலுவைப் பூட்டினாலும், எரிபொருள் வீணாகுமேயன்றி வேகம் அதற்கேற்ப மிகாது. விரலுக்கேற்ற வீக்கமே நன்று.

மூன்றாவது, எடை. பழைய படகுகள் பலவற்றில் இரண்டு வீச்சு இயந்திரங்களே இருந்தன. 15 குதிரைச் சக்தியுள்ள அத்தகைய இயந்திரம் ஒன்று 35 முதல் 40 கிலோ வரை இருக்கும். அதே வலுவுள்ள நான்கு வீச்சு இயந்திரம் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். இந்த வேறுபாடு முழுவதும் படகின் கடைக்கோடியில் விழுவதால், பின்பகுதி தாழ்ந்து அலைநீர் உள்ளே புகக்கூடும். 24 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 18 கிலோ. ஆகவே, எரிபொருள் கலனை முன்னே நகர்த்தி வைத்தால் சமநிலை ஓரளவு திரும்பும். அப்போதும் பின்பகுதி தாழ்ந்தே நின்றால், அவ்வியந்திரம் அப்படகிற்கு ஏற்றதன்று.

இரண்டு வீச்சு இயந்திரத்திற்குப் பெட்ரோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். கையேடு 50க்கு 1 என்று கூறினால், 25 லிட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் சேரும். நான்கு வீச்சு இயந்திரத்திற்குக் கலவை வேண்டா. அதன் எண்ணெயைத் தனியே ஊற்றி, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். இது பொதுவாகக் குறைந்த எரிபொருளில் ஓடும். நாள்தோறும் ஓட்டுவோருக்கு இச்சிக்கனம் பெரிது.

நான்காவது, தண்டின் நீளம். பின்பலகையின் மேல்விளிம்பு முதல் படகின் அடிவரை நேராக அளக்க வேண்டும். அளவு 15 அங்குலத்தை ஒட்டியிருப்பின் குட்டைத் தண்டும், 20 அங்குலத்தை ஒட்டியிருப்பின் நீண்ட தண்டும் பொருந்தும். விசிறிக்கு மேலுள்ள தட்டைத் தகடு, படகின் அடியோடு சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ நிற்றல் நலம். மிக உயர்ந்தால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். குளிர்விக்கும் நீரும் குறைந்து இயந்திரம் சூடேறும்.

ஐந்தாவது, விசிறி. வழக்கமான சுமையுடன் முழு வேகத்தில் ஓட்டி, கையேட்டில் கண்ட சுழற்சி எண்ணிக்கை வருகின்றதா என்று காண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் புரியளவு குறைந்த விசிறியும், மிகுந்தால் புரியளவு கூடிய விசிறியும் தேவை. ஓர் அங்குல மாற்றம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுழற்சிகளை மாற்றும்.

பழைய இயந்திரம் வாங்குவோர், அதனை ஓடவிட்டுக் குளிர்நீர் சீராகப் பாய்ந்து வெளிவருகின்றதா எனக் காண்க. பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் உட்புகுந்துள்ளது என்பது பொருள். அதை விலக்குவதே நன்று. மீன்பிடி உரிமம் பெற்ற படகாயின், இயந்திரத்தை மாற்றுமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டறிதல் வேண்டும்.

எந்த இயந்திரமாயினும், அதனை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் உடலோடு இணைந்திருத்தல் வேண்டும். அவர் தவறி நீரில் விழுந்தால், கயிறு விடுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும். சுழலும் விசிறியால் நேரும் கொடுமையும் தவிர்க்கப்படும். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கியும் வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் படகின் நீளம், பின்பலகையின் உயரம், வழக்கமாக ஏற்றும் சுமை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். அளந்து அறிந்து வாங்கினால், உழைத்துச் சேர்த்த பொருளும் நிலைக்கும். ஆற்றுக்குச் சென்றவரும் நலமே வீடு திரும்புவர்.