பைனாகுலரைப் பூட்டி வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கூடவே அனுப்பியிருந்த மூன்று ஆட்டங்களும் வந்து சேர்ந்தன. ஆட்டங்களைப் பலகையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். அவற்றுக்குத் தனியே எழுதுகிறேன். இரண்டாவது ஆட்டத்தில், யானையும் நாலு சிப்பாயுமாக நீண்டுகொண்டே போன அந்த முடிவாட்டத்தில், நீ அவசரப்படாமல் இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல, இரண்டு வரி எழுதியிருக்கிறாய். முதல் ஐ.எம். (இன்டர்நேஷனல் மாஸ்டர்) நார்ம் கிடைக்கும்வரை கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துப் பக்கம் போவதில்லை என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது, பைனாகுலரும் பறவை நோட்டும் பீரோவுக்குள் போய்விட்டன, "சரிதானே சார்?"

சரியில்லை, தம்பி. இன்றைக்கே வெளியே எடு. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

உன் வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு போட்டிக்கு உன்னை அழைத்துப் போக நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், அறை வாடகை, ஒன்பது சுற்றுக்கான சாப்பாட்டுச் செலவு என்று எவ்வளவு ஆகிறது என்பது எனக்குத் தெரியும். ஐ.எம். பட்டம் வேண்டுமென்றால் ரேட்டிங் 2400ஐத் தொட வேண்டும், 2450 தரத்தில் ஆடி மூன்று நார்ம் எடுக்க வேண்டும். நீ இப்போது 2250ல் நிற்கிறாய். இந்த வயதில் ஒரு வருஷம் வீணானால் திரும்பக் கிடைக்காது என்று அவர்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம்தான் தவறு.

உன்னைச் சுற்றி இப்போது எல்லாமே எண்ணாக இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள், 2300க்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரருக்கு உலகச் செஸ் அமைப்பான ஃபிடே வைத்திருக்கும் ரேட்டிங் கணக்கு உனக்கு மனப்பாடம்: கே 40. உன் அளவே ரேட்டிங் உள்ள ஒருவரிடம் ஒரு சாயங்காலம் தோற்றால் இருபது புள்ளி போயிற்று. அந்த இருபதோடுதான் நீ வீட்டுக்கு வருகிறாய், அதோடுதான் தூங்குகிறாய். மாமா வந்தால் "இப்போ எவ்வளவு?" என்கிறார். பள்ளியில் தலைமையாசிரியர் கேட்கிறார். சக ஆட்டக்காரப் பையன்கள் பெயரைக் கேட்குமுன் ரேட்டிங்கைக் கேட்கிறார்கள். கூந்தன்குளத்தில் உன்னை யாராவது அப்படிக் கேட்டதுண்டா? அங்கே உனக்கு மஞ்சள் மூக்கு நாரைக் கூட்டைக் காட்டிய பெரியவரைப் பற்றிப் போன வருஷம் பக்கம் பக்கமாக எழுதினாயே, அவருக்கு நார்ம் என்றால் என்னவென்று தெரியுமா? அவருக்கு நீ பறவை பார்க்க வரும் பையன், அவ்வளவுதான். அப்படி உன்னைப் பார்க்க உலகத்தில் சிலராவது இருக்க வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தைத்தான் உன் வீட்டார் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

இந்த ரேட்டிங் முறையைச் செய்து கொடுத்தவர் யார் என்று யோசித்திருக்கிறாயா? அர்பாத் ஏலோ. அமெரிக்காவில் மில்வாக்கி நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் பேராசிரியர். செஸ் அவருக்குத் தொழில் அல்ல. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஆடினார், நன்றாகவே ஆடினார், விஸ்கான்சின் மாநில சாம்பியனாகவும் இருந்தார். ஆட்டக்காரர்களின் பலத்தைக் கணக்கிடும் முறையை அவர் வகுத்துத் தந்தார், அதை 1970ல் ஃபிடே ஏற்றுக்கொண்டது. உன்னைத் தூங்கவிடாமல் செய்கிற அந்த எண், ஒரு வாத்தியாரின் பொழுதுபோக்கிலிருந்து வந்தது.

போட்டி அரங்கின் வாசலில் மாலை ஐந்து, ஆறு மணி வாக்கில் நின்று பார்த்திருக்கிறேன். தோற்ற பையன் வெளியே வருவான். அப்பா ஆட்டத்தாளைக் கையில் வாங்குவார். செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டான், அதற்குள் போனில் செஸ் என்ஜின் ஓட ஆரம்பித்திருக்கும். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் குதிரையை எடுத்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். அப்பா திரையைக் காட்டுவார், பையன் தலையாட்டுவான், அடுத்த நகர்த்தலுக்குப் போவார். இரவுச் சாப்பாட்டிலும் அதுவே, காலையில் பல் தேய்க்கும்போதும் அதுவே. மறுநாள் சுற்றுக்கு அந்தப் பையன் நேற்றைய குதிரையோடுதான் போய் உட்காருவான். பிழையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்று இரவேவா? அந்தப் பையனுக்கு அன்று மாலை போய் நிற்க வேறு ஓர் இடம் இல்லை. உனக்கு இருக்கிறது, தம்பி. அது எவ்வளவு பெரிய சொத்து என்று உனக்குத் தெரியவில்லை.

மார்க் தைமானவ் ஆட்டங்களை நீ படித்திருப்பாய். சிசிலியனில் அவர் பேரிலேயே ஒரு வழி இருக்கிறது. அவர் மேடைகளில் கச்சேரி செய்த பியானோக் கலைஞர் என்பதை யாராவது உனக்குச் சொன்னார்களா? சிறுவனாக இருந்தபோதே, 1936ல், வயலின் வாசிக்கும் பையனாக ஒரு சோவியத் படத்தில் நடித்தவர். பிறகு லியுபோவ் புரூக்கை மணந்து, இருவரும் இரட்டைப் பியானோ வாசித்தார்கள். 1971ல் வான்கூவரில், உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் சுற்றில் ஃபிஷரிடம் ஆறு ஆட்டம் ஆடினார். ஆறிலும் தோல்வி. டிராகூட இல்லை. அந்த உயரத்தில் அப்படி ஒரு தோல்வியை அதுவரை யாரும் கண்டதில்லை. ஊர் திரும்பியபோது சுங்கச் சோதனையில் பெட்டிக்குள் சோல்செனிட்சினின் நாவல் அகப்பட்டது. சம்பளத்தை நிறுத்தினார்கள், வெளிநாடு போகத் தடை போட்டார்கள். தோற்றதற்குத் தண்டனை கொடுக்க அந்தப் புத்தகம் சாக்காக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு இசையாவது மிச்சமிருக்கிறது என்று அந்தத் தோல்விக்குப் பின் அவர் சொன்னதைச் செஸ் உலகில் இன்றும் பேசுகிறார்கள். அந்த நூற்றாண்டின் முடிவில், இருபதாம் நூற்றாண்டின் பெரிய பியானோக் கலைஞர்கள் என்று எழுபத்திரண்டு பேரைத் தேர்ந்து பிலிப்ஸ் நிறுவனம் இசைத் தொகுப்பு வெளியிட்டது. அதில் புரூக்–தைமானவ் இணைக்கும் இடம் இருந்தது.

வாசிலி ஸ்மிஸ்லவ் இன்னொருவர். நல்ல பாரிடோன் குரல். 1950ல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் பாடகராகத் தேர்வாகப் போய், எடுபடவில்லை. 1957ல் போட்வின்னிக்கை வென்று உலக சாம்பியனானார். ஆனாலும் பாட்டை விடவில்லை. போட்டிக்குப் போன ஊர்களில் சில சமயம் கச்சேரியே செய்வார். பியானோவில் உட்காருபவர் பெரும்பாலும் தைமானவ். பகலில் எதிரெதிரே உட்காரும் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள், ராத்திரி ஒருவர் பாட ஒருவர் வாசிக்கிறார்கள். எனக்கு இதை நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது. 1984ல், 63 வயதில், ஸ்மிஸ்லவ் மறுபடி கேண்டிடேட்ஸ் இறுதிக்கு வந்து காஸ்பரவோடு ஆடினார். தோற்றார். ஆனால் அந்த வயதில் அங்கே வேறு யார் வந்தார்கள்?

இதைச் சொன்னதும் நீ ஒன்று கேட்பாய்: அது அந்தக் காலம் சார், அப்போது என்ஜின் இல்லை. உண்மை. லாஸ்கர் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டே இருபத்தேழு வருஷம் உலக சாம்பியனாக இருந்தார். போட்வின்னிக் மின்பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். இன்றைக்கு யாரும் அப்படி இரண்டு தொழில் பார்க்க முடியாது. ஓப்பனிங் தயாரிப்பு ஒன்றே நாளில் பாதியைத் தின்றுவிடும். நானும் உன்னை இரண்டு தொழில் பார்க்கச் சொல்லவில்லை. உனக்குள்ள ஆறு மணி நேரப் பயிற்சியில் ஒரு நிமிஷமும் குறைக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இன்றைய ஆட்டக்காரர்களும் பொழுதுபோக்கை விட்டுவிடவில்லை. கார்ல்சன் 2018ல் லண்டனில் உலகப் பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, ஓய்வு நாளில் கால்பந்து ஆடிக் கண்ணருகே அடிபட்டு, அந்தக் கன்றிய கண்ணோடு வந்து உட்கார்ந்தார். குகேஷ் 2024ல் சிங்கப்பூரில் பட்டம் வென்ற கையோடு பஞ்ஜி கயிறு கட்டிக்கொண்டு குதித்தார். நம் ஆனந்துக்கு வானியல். 1988ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே வருஷம் ஜப்பானில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். 2015ல் அந்த 4538ஆம் எண் சிறுகோளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் நீ ஜாக்கிரதையாக இரு. பறவை பார்ப்பது கவனத்தை வளர்க்கும், கவனம் வளர்ந்தால் ரேட்டிங் ஏறும் என்று வீட்டில் வாதாட உனக்குத் தோன்றும். அப்படிச் சொல்லாதே. அது நிஜமா இல்லையா என்பது இருக்கட்டும். அப்படிச் சொல்லி அனுமதி வாங்கினால், அடுத்த போட்டியில் புள்ளி குறைந்ததும் பைனாகுலர் மறுபடி பீரோவுக்குப் போகும். உனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல். அந்தக் காரணம் போதும்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன தடவை நீ அனுப்பிய பக்கத்தில், மடையான் பற்றி எழுதியிருந்தாய். குளத்தங்கரைச் சேற்றில் சேற்று நிறத்திலேயே கூனி நின்றது, கண்ணுக்கே தெரியவில்லை. ஆடு ஒன்று பக்கத்தில் வந்ததும் எழும்பியது. எழும்பின நொடியில் முழு வெள்ளை. சிறகை விரித்தால்தான் அந்த வெள்ளை தெரியும், மடக்கினால் பழுப்புக்குள் மறைந்துவிடும் என்று நீயே நின்று பார்த்துக் கண்டுபிடித்திருந்தாய். நல்ல பக்கம் அது. அதற்கடுத்த பக்கத்தில் மட்டும் ஒரு பட்டியல்: மொத்தம் இத்தனை இனம், வகுப்பில் இன்னொருவன் பார்த்தது இத்தனை. அந்தப் பட்டியலை நிறுத்து. பறவை பார்ப்பவர்களிலும் எண்ணிக்கைப் போட்டி உண்டு, அதில் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உனக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது. இன்னொன்று வேண்டாம்.

போனில் ஒரு நிமிஷ ஆட்டம் ஆடுவதைப் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறாய். இல்லை, அது செஸ்தான், அதுவும் மட்டமான செஸ். ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் தொடாதே.

தியடோர் பாஸ்கரன் எழுதிய இயற்கைக் கட்டுரைகளை நூலகத்தில் தேடிப் பார். அஞ்சல் துறையில் தலைமைப் பொறுப்புவரை இருந்தவர். அந்த வேலைக்கு இடையில்தான் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதினார், தமிழ் சினிமாவின் வரலாற்றையும் எழுதினார்; சினிமாப் புத்தகத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. பறவைகளுக்குச் சரியான தமிழ்ப் பெயரை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். உன் நோட்டில் பாதிப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. கூந்தன்குளத்துக்காரர்களிடமும் கேள். தங்கள் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டாதவர்கள், பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாதவர்கள் அவர்கள். ஒரே பறவைக்கு அவர்களிடம் நாலு பெயர் இருக்கும். நாலையும் எழுதிக்கொள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கும் எழுது.

டிசம்பரில் சென்னைப் போட்டிக்கு வருகிறாய் அல்லவா? அட்டவணையைப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் தினமும் இரண்டு சுற்று, அப்போது எங்கும் போக வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஒரே சுற்று, பிற்பகல் மூன்று மணிக்கு. பைனாகுலரைப் பெட்டியில் வை. கிளாக், ஸ்வெட்டர், மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நீ தங்கும் இடத்திலிருந்து தூரமில்லை. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அந்த வருஷம்தான் உன் கூந்தன்குளமும் இந்தப் பள்ளிக்கரணையும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. அந்த மாதத்தில் பூநாரை வந்திருக்க வாய்ப்பு உண்டு. காலை ஆறு மணிக்கு நான் வந்து அழைத்துப் போகிறேன், ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம், அப்பாவும் கூட வரட்டும். முந்தின நாள் ராத்திரி நீ ஜெயித்தாலும் தோற்றாலும் வருவேன். வண்டியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு இல்லை என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
சார்