இல்லறத்தில் நம்பிக்கை



பூசலால் முறியும் இல்லறம் சில. பேச்சின்றி உலரும் இல்லறமோ பல. பெங்களூரில் நம்மவர் வீடுகளைக் காண்மின். கணவன் வேலை முடித்து வந்து கூலியைக் கொடுத்து, உண்டு உறங்குகிறான். மனைவியும் வெளியே உழைத்துத் திரும்பிச் சமைக்கிறாள். இருவரிடத்தும் குற்றமில்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் ஒருவர் மனக்கவலை மற்றவருக்குத் தெரிவதில்லை. இதற்குத் தம்மத்தில் மருந்துண்டா என ஆராய்வோம்.

அங்குத்தர நிகாயம் நகுலபிதா, நகுலமாதா என்னும் தம்பதியரைக் காட்டுகிறது. அவர்கள் சுஞ்சுமாரகிரியில் வாழ்ந்தவர்கள். தம்மிடம் நம்பிக்கையும் நெருக்கமும் பூண்ட இல்லறத்தாருள் இவ்விருவரே முதன்மையர் எனப் பகவன் போற்றினார்.

ஒருகால் நகுலபிதா கொடிய நோயில் வீழ்ந்தார். அவர் வாய்திறந்து ஒன்றும் உரைத்ததாக நூலில் இல்லை. ஆயினும் நகுலமாதா அவர் உள்ளத்தை அறிந்து, கவலையோடு இறப்பது துன்பமென்று கூறி, ஆறு கவலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து நீக்கினார். பஞ்சு நூற்கவும் கம்பளி மயிரைச் சீவவும் வல்லேனாதலால் மக்களைக் காப்பேன் என்றார். வேறோர் இல்லம் புகேன் என்றார். பகவனையும் சங்கத்தையும் காண்பதில் ஆர்வம் குறையேன் என்றார். சீலத்திலும் மன அமைதியிலும் தம்மத் தெளிவிலும் தமக்குள்ள உறுதியையும் எடுத்துரைத்தார். நகுலபிதா நோய் நீங்கி எழுந்து, கோலூன்றிச் சென்று பகவனை வணங்கினார். இத்தகைய பரிவுடைய துணைவி வாய்த்தது உனக்குப் பெரும்பேறு எனப் பகவன் பாராட்டினார்.

இது மனைவியர்க்கு மட்டும் உரிய பாடமன்று. சிகாலோவாத சூத்திரம் கணவன் கடமைகள் ஐந்தனுள், மனைவியை மதித்தலையும் இகழாமையையும் முதலில் வைக்கிறது. கூலி கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்பார் இதனைச் சிந்திப்பாராக. நூற்பாலையில் இழை அறுந்தால் அக்கணமே பிணைக்கிறோம்; நாளை பார்ப்போமென்று விடுவதில்லை. ஆயினும் ஆலையில் கற்ற இதனை நாம் இல்லத்தில் மறந்திருந்தோம். பலர்க்குத் தம்மம் உரைத்துத் திரும்பி, இல்லாளின் முகவாட்டத்தைக் காணாது உறங்கிய இரவுகள் உண்டு. நாணத்தோடு இதனை ஒப்புகிறோம்.

இம்மையிலும் மறுமையிலும் பிரியாதிருக்க விரும்பிய அத்தம்பதியர்க்குப் பகவன் சொன்ன வழி நான்கு: நம்பிக்கை, சீலம், ஈகை, ஞானம். இவை இருவரிடத்தும் சமமாக இருத்தல் வேண்டும். ஒருவர் முன்சென்று மற்றவரைப் பின்விடுதல் சமமாகாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மனைவியார் சவிதா அம்மையாரோடு சேர்ந்தன்றோ திரிசரணம் ஏற்றார்! அதே 1956இல் தோன்றிய நம் நகரத்து மகாபோதி சங்கத்திற்கு, காந்திநகர் செல்வோரும் இணைந்தே செல்லுக.

ஆதலின் பௌர்ணமிதோறும் இருவரும் ஒருங்கமர்ந்து பஞ்சசீலம் கூறுங்கள். பின்னர், "உன் மனத்தில் உள்ள கவலை யாது?" என்று ஒருவரையொருவர் வினவுங்கள். இடைமறியாது கேளுங்கள். மறுமொழி உடனே கூற இயலாவிடினும் குற்றமில்லை. கேட்டலே பாதி மருந்து. நோய்ப்படுக்கை வரும்வரை காத்திராதீர்.

நமோ புத்தாய!