கிட்டங்கி: ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு கணக்கு

பினாங்கு தைப்பூசம் என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளி ரதம். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. பூசத்துக்கு முதல் நாள் காலை அது எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து. அந்தத் தெருவில் நகரத்தார் வாழ்ந்த வீடுகளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

அவற்றுக்குக் கிட்டங்கி என்று பெயர். வெளியே பார்த்தால் மற்றக் கடைவீடுகள் மாதிரிதான்: முன்னால் அஞ்சடி, குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக நீளம், காற்றும் வெளிச்சமும் இறங்க நடுவில் முற்றம். வித்தியாசம் கூடத்தில்தான். ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய் விரிக்கும் இடம், தாழ்வான மேசைப்பெட்டி, ஓர் அலமாரி. பகலில் சம்மணமிட்டுக் கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயே படுப்பார்கள்.

யார் இவர்கள்? முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். இங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். எடுபிடி வேலை செய்துகொண்டே தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். நம் வாசகர் சிலரைவிட வயதில் சின்னவன்! மூன்று வருஷத் தவணை. தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் செட்டிநாட்டில். இதைத்தான் 'கொண்டுவிக்கப் போதல்' என்றார்கள்.

ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம், சிறு வியாபாரம் என்று பலதுக்கும் இவர்கள் கடன் கொடுத்தார்கள். வட்டி கட்ட முடியாமல் நிலத்தை இழந்தவர்களும் உண்டு. அதையும் நாம் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தக் கணக்கில் முருகனுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதற்கு மகமை என்று பெயர். தண்ணீர்மலைக் கோவிலும், சிங்கப்பூரில் 1859-இல் எழுந்த டேங்க் ரோடு கோவிலும் நகரத்தார் எழுப்பியவை. தனக்கு ஒரு பாய் போதும், சுவாமிக்கு வெள்ளி ரதம் வேண்டும் என்று நினைத்த மனசை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, அங்கே இப்போது உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. கோவிலைக் காக்கிற நாம், அதைக் கட்டியவர்கள் படுத்துறங்கிய வீட்டை மறக்கலாமா?

சிந்திக்க:
1. உங்கள் ஊர்க் கோவிலைக் கட்டியவர்கள் எந்த வீட்டில் வாழ்ந்தார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
2. உங்கள் முதல் சம்பளத்தில் மகமை எவ்வளவு?